பெண்மக்களின் தாயபாகமும் நியாயஸ்தலங்களின் தீர்ப்பும்

இந்திய சுப்ரீம் கோர்ட்டார் 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ஆம் தேதியன்று தீர்ப்பளித்த வழக்கொன்றிற்கு 'அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி' என்று பெயர். வழக்கின் பெயரே அது எந்த நாட்டுப்புறத்து வழக்கென்பதைச் சொல்லிவிடும். சங்ககிரியிலே கச்சேரிப் படியும் சார்பதிவாளர் அலுவலகப் படியும் ஏறி இறங்கும் நம் அங்கத்தினர் இத்தீர்ப்பைப் பற்றியும், இதற்கு முன் 2020-ஆம் ஆண்டில் வந்த மற்றொரு தீர்ப்பைப் பற்றியும் ஆளுக்கொரு விதமாய்ப் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். 'கலியாணமாகிப் போன பெண்ணுக்கும் இனிப் பங்கு உண்டாம்' என்பார் ஒருவர். 'தகப்பனார் முன்னமே காலமாகியிருந்தால் இல்லையாம்' என்பார் மற்றொருவர். 'இதெல்லாம் நேற்று வந்த சட்டம், நம் குலாசாரத்திற்கு விரோதம்' என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். மூவர் சொல்லிலும் பிழை உண்டு. அப்பிழையால் நம் குடும்பங்களிலே அண்ணன் தங்கையர்க்குள் பேச்சற்றுப் போவதும், பெருந்தொகை வக்கீல் வீட்டுக்குச் செல்வதும் நேர்கின்றமையால், இவ்விஷயத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகவே இவ்விதழில் வரையத் துணிந்தோம்.

முதற்கண் அருணாசலக் கவுண்டர் வழக்கின் சங்கதி யாதெனின்: உடன்பிறந்தார் இருவர். அவருள் ஒருவர் 1938-ஆம் ஆண்டில் கோர்ட்டு ஏலத்தில் தம் கைப்பொருளைக் கொண்டு நிலம் எடுத்தார். அவருக்கு ஆண் சந்ததி இல்லை, ஒரே மகள். மற்றவர் அவருக்கு முன்னரே காலஞ்சென்றவர். அவருக்கு மகன் ஒருவரும் மகளிர் நால்வரும். ஏலத்தில் நிலம் எடுத்தவர் 1949-ல் இறந்தாரென ஒரு கட்சியாரும், 1957-ல் இறந்தாரென மறுகட்சியாரும் வாதித்தனர். அவருடைய மகள் 1967-ல் மக்கட்பேறின்றி இறந்தாள். அதன்பின் 1991-ல், மற்றவருடைய மகளிருள் ஒருவர், 'என் தகப்பனாரின் உடன்பிறந்தார் நிலத்தில் எனக்கு ஐந்திலொரு பங்கு வேண்டும்' என்று தாவாச் செய்தார்.

கீழ்க்கோர்ட்டார் 1994-ல் அத்தாவாவைத் தள்ளினர். நிலம் எடுத்தவர் இறந்தது 1949 என்றும், அக்காலத்தில் 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் பிறக்கவில்லை என்றும், ஆகவே அவர் நிலம் கூட்டுக் குடும்பத்தில் எஞ்சியிருந்த ஒரே ஆண்மகனாகிய உடன்பிறந்தார் மகனுக்கே சேர்ந்தது என்றும் கூறினர். சென்னை ஹைக்கோர்ட்டாரும் 2009-ல் அதனையே உறுதிசெய்தனர். கனம் அப்துல் நசீர், கனம் கிருஷ்ண முராரி என்னும் இரு நீதிபதிகள் சுப்ரீம் கோர்ட்டிலே அமர்ந்து, அவ்விரு தீர்ப்புகளையும் நீக்கி, தாவாச் செய்த அம்மையாரின் வாரிசுகளுக்கு ஐந்திலொன்று உண்டென்று முடிவு கூறினர். தாவாச் செய்தவர் அந்நாளைக் காண இருக்கவில்லை. முப்பத்தோராண்டு நடந்த வழக்கு இது.

இத்தீர்ப்பின் உயிர்நிலை எங்குள்ளது என்பதை நம்மவர் ஊன்றி நோக்கவேண்டும். 'புதிய சட்டம் பெண்ணுக்குப் பங்கு கொடுத்தது' என்று கோர்ட்டார் சொல்லவில்லை. பழைய சாஸ்திரத்தின்படியே, 1949-லேயே, தந்தை தானாகத் தேடிய சொத்து அவருடைய மகளுக்கே சென்றிருக்கவேண்டும்; உடன்பிறந்தார் மகனுக்கன்று, என்பதே அவர்தம் கருத்து. 1956-க்கு முன் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை என்று ஊரார் எண்ணியிருந்தது தவறென அத்தீர்ப்பு வெளிப்படுத்திற்று.

இதனை விளங்கிக்கொள்ள மிதாக்ஷரம் என்னும் உரைநூலைச் சிறிது அறிதல் வேண்டும். யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் என்பார் வரைந்த உரை அது. கல்யாண நகரத்திலிருந்து ஆண்ட சாளுக்கிய வேந்தன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், கி.பி. பதினோராம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இயற்றப்பட்டது. கோல்புரூக் துரை 1810-ஆம் ஆண்டில் அதன் தாயபாகப் பகுதியை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பே வெள்ளைக்கார நீதிபதிகள் மேசைமேல் நூறாண்டுக்கு மேலாகக் கிடந்தது. அந்நூல் சொத்தை இருவகையாகக் கொள்கிறது. பாட்டன் பூட்டன் வழி வந்து பங்காளிகள் சேர்ந்து அனுபவிப்பது ஒன்று; ஒருவன் தன் முயற்சியால் தேடிய சுயார்ஜிதம் மற்றொன்று. முன்னதில் ஒருவன் இறந்தால் அவன் பாகம் எஞ்சியிருக்கும் ஆண் பங்காளிகளோடு கலந்துவிடும். மனைவிக்கும் மகளுக்கும் அங்கே இடமில்லை, ஜீவனாம்சம் மட்டுமே உண்டு. பின்னதிலோ, ஆண்மகன் இல்லாதவன் இறந்தால் முதலில் மனைவி, அடுத்து மகளிர், அதற்கடுத்து மகள் வயிற்றுப் பேரன், பிறகு பெற்றோர், அவர்க்குப் பின்னரே உடன்பிறந்தாரும் அவர் மக்களும் என்று வரிசை அமைந்திருக்கிறது. தம்பி மகன் நிற்கும் இடம் மகளுக்கு எத்துணைப் பின்னால் என்பதைக் காண்க. மகளிருள்ளும் கன்னிப் பெண் முன்னவள். மணமானவர்களுள் எளியவள் செல்வமுள்ளவளுக்கு முன்னவள். உரைகாரர்க்குப் பெண்கள்மேல் பரிவு இருந்ததென்றே நாம் கொள்கிறோம்.

இந்த வரிசை ஏட்டிலே மட்டும் கிடந்ததென்று சொல்லவும் இயலாது. சிவகங்கை ஜமீன் வழக்கைக் கேள்விப்படாத வக்கீல் நம் நாட்டில் இரார். மருதிருவரை எதிர்த்துக் கும்பெனியார் போர் நடத்திய 1801-ஆம் ஆண்டில், கௌரி வல்லபப் பெரிய உடையத் தேவரைச் சிவகங்கைக்கு ஜமீன்தாராக்கினர். அவர் 1829-ல் ஆண் சந்ததியின்றிக் காலமானார். அவர்க்கு முன்னரே இறந்துபோன தமையனாருடைய மகன், குடும்பம் பிரியாத குடும்பமென்று காட்டி ஜமீனைக் கைக்கொண்டார். விதவையாகிய நாச்சியாரும், அவர்க்குப் பின் மகள் காத்தம நாச்சியாரும் விடாது வழக்காடினர். சீமையிலே பிரிவி கவுன்சில் 1863-ல் முடிவு சொல்லிற்று. குடும்பம் பிரியாததாயினும், ஜமீன் கௌரி வல்லபர் தாமாகப் பெற்ற சொத்து. தனிச்சொத்து எஞ்சிய பங்காளிக்கன்று, மனைவிக்கும் மகளுக்குமே இறங்கும் என்பதே அம்முடிவு. ஜமீன் கைமாறி முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின் காத்தம நாச்சியார் வென்றார். நூற்றைம்பத்தெட்டாண்டு கழித்து நம் கொங்கு நாட்டுக் குடியானவர் நிலத்திற்குப் பொருத்தப்பட்டது இந்நெறியே. சிவகங்கை நாச்சியாருக்கு 1863-ல் கிடைத்த நியாயம், ஏல நிலத்து மகளுக்கு 1949-ல் ஊரிலே கிடைக்கவில்லை. சட்டம் இருந்தது, அதைக் கேட்க அவளுக்குத் துணை இருந்ததா என்பதே கேள்வி.

நிற்க. 'வடநாட்டு உரைநூல் நமக்கு ஏன்? நம் குலத்திற்கு நம் வழக்கமே சட்டமன்றோ?' என்று கேட்பாருண்டு. இக்கேள்வி புதியதன்று, இதைக் கேட்டவரும் நம்மவரல்லர், ஒரு வெள்ளைக்காரர். மதுரைச் சீமையின் வரலாற்றை 1868-ல் வெளியிட்ட நெல்சன் என்னும் சிவில் உத்தியோகஸ்தர், 1877-ல் சென்னை ஹைக்கோர்ட்டார் நடத்திவரும் ஹிந்து சட்டத்தைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். மிதாக்ஷரத்தின் பெயரைக்கூடக் கேட்டறியாத தமிழ்க் குடிகள்மேல் அதனைச் சுமத்துவது அநியாயம் என்றும், அவ்வக் குலத்தாரின் வழக்கத்தை விசாரித்தறிந்து தீர்ப்பளித்தலே முறையென்றும் அவர் வாதித்தார். ஹைக்கோர்ட்டு நீதிபதியாயிருந்த இன்னிஸ் துரை 1882-ல் அதற்கு மறுப்பு வெளியிட்டார். மற்றொரு நீதிபதியாகிய ஹாலோவே துரையோ, மறவர் குடும்ப வழக்கொன்றில், அவர்கட்கு ஹிந்து சாஸ்திரத்தைப் பொருத்துவது நகைப்பிற்கிடமென்று தீர்ப்பிலேயே எழுதிவைத்தார். எழுதிவிட்டுச் சாஸ்திரத்தின்படியே தீர்ப்பளித்தார் என்பது வேறு. நெல்சன் கூற்றில் மெய் பெரிதும் உண்டென்பது நம் எண்ணம்.

ஆயினும் அதனைக் கையிலெடுத்துக்கொண்டு பெண்மக்களை விலக்க முயல்வோர் ஒன்றை மறக்கலாகாது. இராமநாதபுரத்து வழக்கில் 1868-ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சிலார், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய நூலின் வாசகத்தை விஞ்சும் என்று சொல்லியிருக்கின்றனர். ஆக, வழக்கம் உண்டென்போர் அதனை நிரூபித்துக் காட்டக் கதவு திறந்தே இருந்தது. 'எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை' என்பது வழக்கமாகாது. கேட்கத் துணியாமையும் கேட்க உரிமையின்மையும் ஒன்றல்ல. அன்றியும், 1956-ஆம் வருஷத்துச் சட்டம் தன் நான்காம் பிரிவால், தான் வகுத்துச் சொன்ன விஷயங்களில் பழைய நூலையும் பழைய வழக்கத்தையும் ஒருங்கே நீக்கிவிட்டது. இன்று வழக்கத்தைப் பேசிப் பயனில்லை.

பேசுவதாயின் முழுதும் பேசவேண்டும். நம் கலியாணங்களிலே அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்களுள் இணைச்சீர் என்பது மணமகனும் அவன் உடன்பிறந்தாளும் சேர்ந்து செய்யும் சீர். மணமகன் தன் மனைவியைக் கைப்பிடிக்குமுன், உறவினர் அத்தனைபேரும் காணத் தன் சகோதரியோடு தனக்குள்ள பிணைப்பை ஒப்புக்கொள்ளுமாறு நம் முன்னோர் இதனை வைத்தனர். இச்சீர் இன்றிக் கலியாணம் நிறைவெய்தாது என்று நாமே சொல்கிறோம். அவ்வாறு அவளைச் சபையிலே நிறுத்தி மதித்த குலம், பத்திரப் பதிவன்று அவளை வாசலில் நிறுத்திக் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொள்வது குலாசாரமாமோ?

இனிச் சட்டத்தின் வரலாற்றைத் தொடர்வோம். 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெண்களுக்கு ஆண்களோடொத்த சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. அக்காலத்தில் அதனை நகைத்தோர் பலர். 1937-ல் மத்திய சட்டசபை, விதவைகளுக்குக் கணவன் சொத்தில் ஆயுள்பரியந்தம் பாத்தியதை தரும் சட்டமொன்றை இயற்றிற்று. அதில் விவசாயிகளாகிய நமக்கு ஒரு வேடிக்கை உண்டு. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தைச் சேர்ந்தது. ஆகையால் இச்சட்டம் மாகாணத்து விவசாய நிலத்தைத் தொடாது என்று பெடரல் கோர்ட்டார் 1941-ல் கருத்துரைத்தனர். பட்டணத்து வீட்டிலும் பாங்கிப் பணத்திலும் விதவைக்குப் பங்கு. காட்டிலும் தோட்டத்திலும் இல்லை! நம் குடிகளுக்குக் காடும் தோட்டமும் தவிர வேறு சொத்து ஏது? சென்னை மாகாணத்தார் 1947-ஆம் வருஷத்து 26-ஆம் சட்டத்தால் இக்குறையை நீக்கி, விவசாய நிலத்திற்கும் அதனை நீட்டினர்.

ஹிந்து சட்டம் முழுவதையும் ஒழுங்குபடுத்த 1941-ல் பி. என். ராவ் தலைமையில் குழுவொன்று அமைந்ததும், அதன்வழிப் பிறந்த மசோதாவை டாக்டர் அம்பேத்கர் பார்லிமெண்டில் நடத்தியதும், அது நிறைவேறாமை கண்டு 1951-ல் அவர் மந்திரி பதவியைத் துறந்ததும் யாவரும் அறிந்தவை. துண்டு துண்டாக அம்மசோதா நிறைவேறியபோது, 1956 ஜூன் 17-ஆம் தேதி ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. தந்தை உயில் எழுதாது இறப்பின் அவர் சுயார்ஜிதத்தில் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர்க்குச் சமபாகம் என்று அது விதித்தது. முன்பு பெண் வாரிசாகப் பெற்ற சொத்தை அவள் ஆயுள்வரை அனுபவிக்கலாமேயன்றி இஷ்டம்போல் விற்க இயலாது. அவள் கையிலிருந்த அச்சொத்தைப் பதினான்காம் பிரிவு முழு உரிமையாக்கிற்று. 1956 முதல் இவ்வுரிமை உண்டென்பதை இன்றும் அறியாதோர் நம்முள் எத்தனை பேர்!

ஆனால் பூர்வீகச் சொத்திலே அச்சட்டம் பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். பூர்வீக நிலம் ஒன்பது ஏக்கர். தந்தை, மகன் இருவர், மகள் ஒருத்தி. தாய் முன்னமே இறந்தவள் என்று கொள்க. தந்தை இறந்தால், அவர் இறக்குமுன் பாகம் பிரிந்ததாகப் பாவித்து, தந்தைக்கு மூன்று, மகன்களுக்கு மும்மூன்று ஏக்கர் என்று கணக்கிடுவர். தந்தையின் மூன்று ஏக்கரை மக்கள் மூவருக்கும் பகிர, மகளுக்கு ஒரு ஏக்கர். மகன்களுக்கு நான்கு நான்கு. இதுவே 1956-ஆம் வருஷத்துக் கணக்கு.

இக்குறையை நீக்குவதில் தென்னாட்டு ராஜ்யங்களே முந்தின. கேரளத்தார் 1975-ல் கூட்டுக் குடும்ப முறையையே எடுத்துவிட்டனர். ஆந்திரர் 1986-ல் சட்டமியற்றி மகளைப் பிறப்பாலேயே பங்காளியாக்கினர். தமிழ்நாட்டில் 1990-ஆம் வருஷத்து முதலாம் சட்டம், 1989 மார்ச் 25-ஆம் தேதி முதல் செல்லுமாறு அதனையே செய்தது. 'பங்காளி' என்றால் ஒரே கூட்டத்து ஆண்மக்கள் என்றே பழகிய நம் காதுக்கு, மகளும் பங்காளி என்பது விந்தையாகத்தான் ஒலித்தது. அச்சட்டத்திலே ஒரு விலக்கு உண்டு: அத்தேதிக்கு முன் மணமாகிய பெண்களுக்கு இவ்வுரிமை இல்லை. ஒரே வீட்டில் அக்காளுக்குத் தை மாதத்திலும் தங்கைக்கு வைகாசியிலும் அவ்வாண்டு முகூர்த்தம் நடந்திருப்பின், தங்கை பங்காளி, அக்காள் விருந்தாளி. முகூர்த்த நாள் பார்த்த ஜோசியர் இதனையும் சேர்த்துப் பார்த்திருக்கவேண்டும் போலும்!

மத்திய சர்க்கார் 2005-ஆம் வருஷத்து 39-ஆம் சட்டத்தால், அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி முதல், மணமானவள் மணமாகாதவள் என்ற பேதமின்றி இந்தியா முழுவதிலும் மகளைப் பிறப்பாலே பங்காளியாக்கினர். மேற்சொன்ன ஒன்பது ஏக்கரில், தந்தையும் மக்கள் மூவரும் நால்வராய்ப் பிரித்து, தந்தை பாகத்தை மீண்டும் மூவராய்ப் பிரித்தால், ஒவ்வொருவருக்கும் மூன்று ஏக்கர். ஒன்றாயிருந்தது மூன்றாயிற்று.

இங்கேதான் நியாயஸ்தலங்களுக்குள்ளேயே மயக்கம் புகுந்தது. 2005-க்கு முன்னமே தந்தை இறந்திருந்தால் மகளுக்கு இவ்வுரிமை உண்டா? 'பிரகாஷ் எதிர் பூலாவதி' என்னும் வழக்கில் 2015-ல் சுப்ரீம் கோர்ட்டார், அத்தேதியில் தந்தையும் மகளும் இருவருமே உயிரோடிருத்தல் வேண்டும் என்றனர். 'தானம்மா' வழக்கில் 2018-ல் அதே கோர்ட்டாரில் வேறு இருவர், 2001-லேயே தந்தை இறந்த குடும்பத்து மகளிர்க்குப் பங்கு கொடுத்தனர். ஒரே கோர்ட்டில், சமமான எண்ணிக்கையுள்ள நீதிபதிகள், ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு வாக்குகள். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் ஒன்றையோ மற்றொன்றையோ நம்பிச் சமாதானம் செய்துகொண்டன என்பதை எண்ணினால் வருத்தமாயிருக்கிறது.

அம்மயக்கம் 2020 ஆகஸ்டு 11-ஆம் தேதி தீர்ந்தது. 'வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா' என்னும் வழக்கில் கனம் அருண் மிஸ்ரா, கனம் அப்துல் நசீர், கனம் எம். ஆர். ஷா என்னும் மூன்று நீதிபதிகள், மகளின் உரிமை பிறப்பால் வருவது. தந்தை இறந்த தேதியைப் பொறுத்ததன்று என்று விதித்தனர். 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை. பூலாவதி வழக்கின் வாக்கு அதனோடு ஒழிந்தது.

எனினும் நடந்து முடிந்தவற்றை அச்சட்டம் கலைப்பதில்லை. 2004 டிசம்பர் 20-ஆம் தேதிக்கு முன் பதிவான பத்திரத்தாலோ கோர்ட்டு டிக்ரியாலோ பாகம் பிரிந்திருந்தாலும், சொத்து விற்கப்பட்டிருந்தாலும் அவை நிலைக்கும். நம்மவர் கவனிக்கவேண்டிய இடம் இதற்கடுத்தது. நம் நாட்டுப்புறத்தில் பாகப்பிரிவினை பெரும்பாலும் பெரியோர் நால்வர் முன்னிலையில் வாய்மொழியாய் நடந்தது. மிஞ்சிப் போனால் ஒரு கூர்ச்சீட்டு எழுதிப் பெட்டியில் வைப்பர். 'அப்பொழுதே பிரித்துக்கொண்டோம்' என்ற வாய்மொழியைக் கோர்ட்டார் எளிதில் ஏற்கமாட்டார். அரிதான சந்தர்ப்பங்களில், பொது ஆவணங்கள் துணைநின்று ஐயந்திரிபற நிறுவினால் மட்டுமே ஏற்பர். மகளை விலக்குவதற்காகப் பின்னாளில் கட்டிய கதையாக அது இருக்கலாகாது என்பதே காரணம். தனித்தனிப் பட்டா, சிட்டா, வரி ரசீது முதலியன எந்தத் தேதியில் யார் பெயருக்கு மாறின என்பதை இன்றே எடுத்துப் பார்த்துக்கொள்வது நலம். நம் பக்கத்து நிலங்கள் 1792-ஆம் ஆண்டுக்குப் பின் ரீடு துரையும் அவர்கீழ் மன்றோ துரையும் அளந்து வகுத்தவை. நிலக் கணக்கு இருநூறாண்டாக எழுதப்பட்டு வருகிறது. பாகக் கணக்குத்தான் எழுதப்படவில்லை.

பெண்ணுக்குப் பங்கு கூடாதென்போர் சொல்லும் காரணங்களையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. நிலம் துண்டுபடும் என்பர். மெய்தான், ஆனால் நான்கு ஆண்மக்கள் உள்ள வீட்டிலும் துண்டுபடவே செய்கிறது, அதற்காக மூன்றாம் மகனையும் நான்காம் மகனையும் விலக்கியவர் எவருமிலர். அன்றியும் சங்ககிரிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் செல்வம் இன்று காட்டில் இல்லை. லாரியிலும் தொழிலிலும் இருக்கிறது. தந்தை சுயமாய்ச் சேர்த்த அச்சொத்தில் மகளுக்கு 1956 முதலே பங்குண்டு.

'பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று. அதுவே அவள் பங்கு' என்பது மற்றொரு காரணம். இது சற்று வலிவுடையது, ஆகவே ஆராய்வோம். யாழ்ப்பாணத்துத் தமிழர்க்குத் தேசவழமை என்றொரு சட்டம் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707-ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது. சீதனம் பெற்று மணமாகிப் போன மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கேட்பதற்கில்லை என்பது அதன் பழைய விதி. நம்மவர் வாதத்திற்கு இது துணைபோல் தோன்றும். ஆனால் அங்கே சீதனம் என்பது காணியும் வீடும் மகளுடைய பெயரிலேயே எழுதிக் கொடுக்கப்படுவது. அது அவளுடையது என்பதில் ஐயமில்லை. நம் சீரோ பவுனும் பாத்திரமும். அது போகும் இடம் கணவன் வீட்டுப் பெட்டி. ஆழ்துளைக் கிணற்றுக்கோ லாரிக் கடனுக்கோ அது சில ஆண்டுகளில் கரைந்துபோவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். கணவனை இழந்தோ மனம் வேறுபட்டோ திரும்பி வரும் பெண்ணிடம் ஒன்றும் இருப்பதில்லை. அவள் பெயரில் எழுதாத ஒன்றை அவள் பங்கென்று கணக்கில் வைப்பது எங்ஙனம் பொருந்தும்? கோர்ட்டாரும் சீரைப் பாகத்திற்கு ஈடாகக் கொள்வதில்லை.

பெண் வந்தால் சொத்துப் போகும் என்ற அச்சம் நம் நாட்டில் எவ்வளவு தூரம் சென்றதென்பதைச் சொல்லக் கூசுகிறது. 1992-ஆம் ஆண்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் தமிழ்நாட்டிலே முதன்முதல் நம் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. நாமக்கல்லும் அந்நாளில் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்ததே. பிறந்த பெண்குழந்தையைப் பெற்றோரிடமிருந்து காக்க அரசாங்கம் தொட்டில் கட்டவேண்டி நேர்ந்த மாவட்டம் இது. எந்த ஒரு குலத்தின்மேலும் பழி சுமத்துவது நம் நோக்கமன்று. எந்தக் குலமும் தன்னை விலக்கிக்கொள்ளவும் இயலாது.

விடுதலைப் பத்திரத்தைப் பற்றி ஒரு சொல். தங்கை தன் பங்கை அண்ணனுக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அன்பினால் அவ்வாறு செய்வோர் நம்முள் பலர் உளர். ஆனால் தன் பங்கு இன்னதென்றும் அதன் பெறுமானம் இவ்வளவென்றும் அறிந்து கொடுப்பதே கொடை. 'பட்டா மாற்ற ஒரு கையெழுத்து' என்று சொல்லி வாங்கும் பத்திரம், மோசடியென்றோ உண்மையை மறைத்து வாங்கியதென்றோ பின்னர் கோர்ட்டில் தாக்கப்படும். பத்திரத்தைப் படித்துக் காட்டுங்கள். ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். அவளுக்கு வேண்டுமாயின் அவள் வீட்டார் காட்டும் வக்கீலிடம் காட்டிவரட்டும். விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகப் பணம் கொடுப்பதாயின், கொடுத்த தொகையைப் பத்திரத்திலேயே குறியுங்கள்.

அருணாசலக் கவுண்டர் வழக்கில் மற்றொரு நுட்பம் இருக்கிறது. மக்களின்றி 1967-ல் இறந்த மகளுடைய நிலம், அவள் கணவன் வழியாருக்குச் செல்லாமல், அவள் தந்தை வழியாருக்கே திரும்பிற்று. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு, மக்களில்லாத பெண் உயில் எழுதாது இறந்தால், தாய் தந்தையர் வழி வந்த சொத்தைத் தந்தையின் வாரிசுகளுக்கும், கணவன் அல்லது மாமனார் வழி வந்ததைக் கணவனின் வாரிசுகளுக்கும் திருப்புகிறது. 'பெண்ணுக்குக் கொடுத்தால் நிலம் அன்னியருக்குப் போய்விடும்' என்று அஞ்சுவோர் இதனை அறிவாராக. அவ்வாறு திரும்பிய நிலத்திலே உடன்பிறந்தார் மகனும் அவன் சகோதரிமார் நால்வரும் ஒப்பப் பங்கு பெற்றமையால்தான் ஐந்திலொன்று என்ற கணக்கு வந்தது.

ஆனால் பெண் தானே உழைத்துச் சேர்த்த பொருளுக்கு அச்சட்டம் வேறு வழி சொல்கிறது. கணவனும் மக்களும் இல்லாத பெண்ணின் சுயசம்பாத்தியம், உயில் இல்லையேல், அவளைப் பெற்றோருக்கு முன்னதாகக் கணவனின் வாரிசுகளுக்குச் செல்லும். கணவன் இறந்தவுடன் புக்ககத்தாரால் துரத்தப்பட்டு, பிறந்தகத்தார் படிக்கவைத்து, வேலைபார்த்துச் சேர்த்த ஒரு விதவையின் பணம், அவளைப் பெற்ற தாய்க்குக் கிட்டாமல் கணவன் வீட்டாருக்கே போயிற்று என்பது 2009-ஆம் ஆண்டு 'ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண்' வழக்கின் முடிவு. அதனை எழுதிய நீதிபதிகளே, இரக்கம் சட்டத்தை மாற்றாது என்று கைவிரித்தனர். உத்தியோகம் பார்க்கும் நம் பெண்மக்கள் உயில் எழுதுவதைக் குறித்து அடுத்த இதழில் வரைவோம்.